நைனாவுக்குச் சமைத்த கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் சர்க்கரையில் வந்து நிற்கிறது. கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவரிடம் ஊர் பேர் கேட்பதற்கு முன்னால், "உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்கிறோம். போன மாதம் அப்படி ஒரு பந்தியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி சொன்னாள்: "பேரப்பிள்ளைங்கள சமையல்கட்டுல விட்டுடணும். நாளைக்கு என்ன செய்யலாம்னு அதுங்களையே கேக்கணும். அப்பதான் வீட்ல எல்லாரும் ஒழுங்கா சாப்பிடுவாங்க." அவள் பேத்தி தட்டிய கேழ்வரகு அடையை அவள் கணவர் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எண்பதுகளின் நடுவில் நாங்கள் மண்ணூர்பேட்டையில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட், இன்னொரு பக்கம் பாடி. காலையில் சங்கு ஊதி முடிந்தால் தெருவில் ஆம்பளைகளைப் பார்க்க முடியாது. என் அப்பாவைப் பெற்றவர்கள் அதே மண்ணில் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயல்கள் கம்பெனிகளாக மாறியபோது, பாடியில் இரும்பை உருக்கி ஊற்றும் பவுண்டரி ஒன்றில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா நன்றாகச் சாப்பிடுவார். நாள் முழுக்க உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறவர், தட்டில் சோறு குவிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவார். சின்ன வயதில் கூழுக்கு அலைந்தவர். "பசின்ற பேச்சே இந்த ஊட்ல வரக்கூடாது" என்று அம்மாவிடம் சொல்வார். சனிக்கிழமையானால் சட்டைப் பையில் ஜிலேபிப் பொட்டலம் இருக்கும். பையில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். கருகிய மணல் வாசனையும் ஜிலேபி வாசனையும் கலந்து அவர் மேல் வரும் ஒரு மணம் உண்டு. அந்த மணத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் முகர்ந்ததில்லை.

எனக்குப் பத்து வயதானபோது நைனா இளைக்க ஆரம்பித்தார். பானையிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு குடிப்பார். தோளில் சட்டை தொங்கியது. உலை அருகே ஒருநாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட, கூட வேலை செய்கிற மாமா அவரைக் கம்பெனி ஆட்களுக்கான டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனார். மாமா என்றால் உறவில்லை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் மாமே, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

டிஸ்பென்சரி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சோற்றை நிறுத்து, இனிப்பை நிறுத்து, கோதுமை, கேழ்வரகு, கீரை, பாகற்காய் சாப்பிடு என்றார். எவ்வளவு சாப்பிடலாம் என்று அவர் சொல்லவில்லை. அம்மா கேட்கவுமில்லை. எங்கள் தெருவில் அந்த வியாதி முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு வீடு கிடையாது.

முதல் நாள் அம்மா கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் செய்தாள். நைனா ஒரு வாய் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். அது தரையில் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"இத்த எவன் துன்னுவான்? நான் இன்னா மாடா?"

"சோறு துன்னா செத்துப் பூடுவேன்னு டாக்டர் சொல்லிகீறாரு. துன்னுய்யா."

"செத்தா சாவுறேன். சோத்தப் போடு."

அம்மா எழுந்திருக்கவில்லை. அவளும் விடாத ஜாதி. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த என் தம்பி அழ ஆரம்பித்தான். அவனுக்கு ஆறு வயது.

"இன்னாடா?" என்றார் நைனா.

"நான்தான் நைனா உருட்டுனேன்" என்றான். அம்மா களி கிளறி இறக்கியதும், தண்ணீர் தொட்டுக்கொண்டு உருட்டியது அவன்தான். கை சிவந்திருந்தது.

நைனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தவழ்ந்துபோய்த் தட்டை இழுத்துக்கொண்டு வந்தார். களி முழுவதையும் சாப்பிட்டார். தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினார். "நல்லாகீதுடா வாத்தியாரே" என்றார்.

அப்போது அம்மா முகத்தில் வந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. புருஷன் தன் பேச்சைக் கேட்க மாட்டான், பிள்ளைகள் கையால் கொடுத்தால் மறுக்க மாட்டான். மறுநாளிலிருந்து நைனாவின் சாப்பாடு எங்கள் பொறுப்பாயிற்று.

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்த நேரம். அந்தக் கோடையைப்போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும்.

சாயங்காலம் அம்மா முறத்தை எடுத்து எங்கள் நடுவில் வைப்பாள். "நாளிக்கி நைனாவுக்கு இன்னா?" என்பாள். நானும் தம்பியும் மறுநாள் செய்யப்போவதில் ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைக்க வேண்டும். கசப்பு ஒன்று, பச்சை ஒன்று, மாவு ஒன்று. இதுதான் அம்மா போட்ட சட்டம். நான் வேலியில் காய்க்கும் மிதிபாகல் நாலைந்து பறித்துவந்து வைப்பேன். கீரைக்காரி கொரட்டூர் ஏரிப்பக்கமிருந்து கொண்டுவரும் பொன்னாங்கண்ணியில் ஒரு கொத்து வைப்பேன். தம்பி ஒரு கைப்பிடி கோதுமையைக் கொட்டிப் பரப்புவான். பிறகு சும்மா ஒரு தக்காளியையும் வைப்பான். "இது எதுக்குடா?" என்று கேட்டால், "செவப்பா கீது இல்ல?" என்பான். முறத்தில் எல்லாம் சேர்ந்ததும் அம்மா எட்டி நின்று பார்ப்பாள். "நல்லாகீது" என்று சொன்னால், மறுநாள் சமையல் முடிவாயிற்று என்று அர்த்தம்.

ரேஷன் கோதுமையில் கல் பொறுக்குவோம். நான் தூக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போவேன். மில்லில் பேச்சு கேட்காது. மாவு பறந்து அரைக்கிறவரின் புருவம், மீசை எல்லாம் வெளுத்திருக்கும். அரைத்த மாவு சூடாக இருக்கும். தூக்கை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருவேன். நம் வீட்டு வைத்தியம் என் கையில் இருக்கிறது என்ற நினைப்பு. வழியில் விளையாடும் பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

திரி ஸ்டவ்வுக்கு முன்னால் மணைப்பலகை போட்டு நாங்கள் இருவரும் உட்காருவோம். அம்மா பின்னால் நின்றுகொள்வாள். தம்பி மாவு உருட்டுவான், நான் தேய்த்துச் சுடுவேன். மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறிச் சப்பாத்தி உப்பும் வாசனை வரும். ஒருநாள் கல்லில் பட்டுத் தம்பியின் விரல் கொப்பளித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "இன்னா பொம்பள நீ, பச்சப் புள்ளைங்கள நெருப்பாண்ட ஒக்கார வெச்சிகீறியே" என்று அம்மாவைத் திட்டினாள்.

"அதுங்க செஞ்சாதான் அவுரு துன்றாரு, இன்னா செய்யச் சொல்ற?" என்றாள் அம்மா. அக்கா தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அவள் புருஷன் குடிக்கிறவர். அவளுக்குப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவளும் தன் பெண்களை விட்டு அவரிடம் பேசச் சொல்ல ஆரம்பித்தாள்.

நைனா வந்து உட்கார்ந்ததும் விளையாட்டு தொடங்கும். பவுண்டரியில் வார்த்த சாமானைச் சோதித்துப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சப்பாத்தியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். விரலால் சுண்டுவார். "இது பாஸ்" என்று வாயில் போட்டுக்கொள்வார். ஒன்றை ஓரமாக வைத்து, "இது ரிஜெக்ட்டு, ஓட்ட உய்ந்துகீது" என்பார். தம்பியின் முகம் சுருங்கும். உடனே, "சரி சரி, இதுவும் பாஸு" என்று அதையும் சாப்பிட்டுவிடுவார். ரிஜெக்ட் என்று ஒன்றுகூட மிஞ்ச விட மாட்டான் தம்பி. செய்ததெல்லாம் தீர்ந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

அம்மாவும் தடுக்கவில்லை. "சப்பாத்திதானே, ஒடம்புக்கு நல்லதுதானே" என்பாள். அவளுக்கு அது மருந்து. மருந்தை அதிகமாகச் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகும் என்று எங்கள் மூன்று பேருக்குமே எண்ணம்.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குழாயும் நீல மருந்து ஒரு பாட்டிலும் கொடுத்திருந்தார். இன்றுபோல விரலில் குத்தி எண்ணைப் பார்க்கும் கருவியெல்லாம் அப்போது ஏது? நீல மருந்தில் நைனாவின் சிறுநீரைச் சில சொட்டு விட்டு, மெழுகுவத்தியில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறமானால் மிக அதிகம். குளியலறைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கிடுக்கியில் குழாயைப் பிடித்தபடி அம்மா அதைச் செய்வாள். நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாமி கும்பிடுவோம்.

ஆரம்பத்தில் ஒருநாள் பச்சையில் நின்றது. புது மாத்திரையின் வேலையாக இருந்திருக்கும். நாங்கள் எங்கள் சமையலின் வேலை என்று குதித்தோம். அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அதற்குப் பிறகு செங்கல்தான். தினமும் செங்கல். அம்மா பாட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து பழசாப் பூடுச்சி" என்று கம்பவுண்டரிடம் போய்ப் புது பாட்டில் வாங்கிவந்தாள். அதிலும் செங்கல். பிறகு அந்தக் குழாயைப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

லீவு முடியப்போகிற சமயம், நைனாவுக்கு ஓவர்டைம் என்று சொல்லி அனுப்பினார்கள். தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலச் சாப்பாட்டைக் கம்பெனிக்கே எடுத்துக்கொண்டு போகலாம் என்று குதித்தான். அலுமினியத் தூக்கில் சப்பாத்தியும் பாகற்காய்ப் பொரியலும் வைத்துக்கொண்டு, இருவரும் பாடி வரைக்கும் நடந்தோம். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. கம்பெனி கேட்டுக்கு எதிரில் ஓலை வேய்ந்த ஒரு புரோட்டா கடை. கல்லில் முட்டை சிதறும் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

முதலில் பார்த்தது நான்தான். பெஞ்சின் ஓரத்தில் நைனா உட்கார்ந்திருந்தார். எதிரில் மாமா. நைனாவின் இலையில் பிய்த்துப் போட்ட புரோட்டா, அதன் மேல் சால்னா வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு காகிதத்தில் ஜிலேபி. நைனா குனிந்து, வேகவேகமாக, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவதுபோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மாமா எங்களைப் பார்த்துவிட்டார். "மச்சான், பசங்கோ வந்துகீதுபா" என்று மெதுவாகச் சொன்னார்.

நைனா நிமிர்ந்தார். ஒரு நிமிஷம் வாயில் இருந்ததை மெல்லவில்லை. பிறகு எழுந்துபோய்க் கை கழுவினார். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"இன்னாடா வாத்தியாரே, ஒனுக்காகத்தான் காத்துகினு கீறேன். செம பசி."

ரோட்டோரம் இருந்த கல்வெர்ட்டுக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். தூக்கைத் திறந்தார். ஒவ்வொரு சப்பாத்தியையும் தூக்கிப் பார்த்து, பாஸ் என்று சொல்லி, எல்லாவற்றையும் சாப்பிட்டார். நெற்றியில் வேர்வை கொட்டியது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். பொரியலைத் தூக்கின் மூடியிலிருந்து வழித்துச் சாப்பிட்டார். மாமா கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும்போது தம்பி காலித் தூக்கை ஆட்டிக்கொண்டு வந்தான். "மொத்தமும் துன்னுட்டாருக்கா" என்றான். கடைக்குள் இலையைப் பார்த்தானா என்று நான் கேட்கவில்லை. பார்த்திருப்பான். ஆறு வயதில் கண்ணால் கண்டதைவிட நைனா சொன்னதுதான் பெரிது.

அம்மாவிடம் சொன்னேன். சண்டை போடுவாள், அழுவாள் என்று பயந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை. "நம்ப சாப்பாடு அவுருக்குப் பத்தலடி. அத்தான் கடைக்குப் போறாரு. நாளிக்கிலேர்ந்து இன்னும் ஜாஸ்தியா செய்யலாம். வயிறு ரொம்பிட்டா இன்னாத்துக்குக் கடைக்குப் போவாரு?" என்றாள்.

அன்றைக்கு அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. மறுநாளிலிருந்து அதிகமாக மாவு பிசைந்தோம். மதியத்துக்கும் களி உருட்டி அனுப்பினோம். நைனா கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. எங்கள் சாப்பாட்டை மிச்சம் வைக்கவும் மனம் வரவில்லை. இரண்டையும் சாப்பிட்டார். யோசித்துப் பாருங்கள். அவர் தட்டைச் சுவரில் மோதவிட்ட அன்று தம்பி அழாமல் இருந்திருந்தால், ஒரு வேளைச் சோற்றோடு போயிருக்கும். எங்களுக்காக அவர் இரண்டு சாப்பாடு சாப்பிட்டார். அம்மா எங்களை வைத்து அவரைக் காப்பாற்றப் பார்த்தாள். அவர் எங்களை ஏமாற்றக் கூடாது என்று பார்த்தார். இரண்டு பேரும் நல்லதைத்தான் நினைத்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து, மழைக்காலமும் வந்தது. வேலையிலிருந்து வந்ததும் நைனாவின் பூட்ஸைக் கழற்றுவது தம்பியின் வேலை. மழைக் குளிருக்கு நைனா நாலைந்து நாளாகச் சாக்ஸைக் கழற்றாமலே படுத்துக்கொண்டிருந்தார்; ஒருநாள் தம்பி அதை இழுத்தான். வரவில்லை. "நைனா, ஒட்டிகினு கீது" என்றான். நைனா குனிந்து பார்த்தார். அவரே அப்போதுதான் பார்க்கிறார். உலையிலிருந்து தெறித்த இரும்புத் துளி ஒன்று பூட்ஸுக்குள் விழுந்து, சாக்ஸைத் துளைத்துப் பெருவிரல் பக்கம் புதைந்திருந்தது. எப்போது விழுந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. வெந்நீர் விட்டு ஊறவைத்து அம்மா சாக்ஸை உரித்தபோது எழுந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வலிக்கலியா நைனா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரிலியேம்மா" என்றார். அதை அவர் ஆறுதலுக்குச் சொன்னார். அதற்குத்தான் பயப்பட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினாள் அம்மா. கால் கறுத்த பிறகுதான் டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. நைனாவின் காலைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கோபமாக, "சாப்பாட்டுல கட்டுப்பாடே இல்லையா?" என்றார். நானும் தம்பியும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அம்மா நிமிர்ந்து பதில் சொன்னாள். "சோறே தொடலம்மா. கோடையிலேர்ந்து சப்பாத்தி, களி, பாவக்கா, கீரைதான். என் பசங்களே செஞ்சி குடுத்துச்சிங்க." எங்கள் இருவரின் தலையிலும் கை வைத்துச் சொன்னாள். புரோட்டா கடையைப் பற்றிச் சொல்லவில்லை.

"எத்தனை சப்பாத்தி சாப்பிடுவாரு?"

அம்மா ஒரு கையை விரித்துக் காட்டினாள். பிறகு இன்னொரு கையையும் சேர்த்துக் காட்டினாள். "களி தனிம்மா" என்றாள். நிறையக் கொடுத்தோம் என்ற பெருமை இன்னும் அவள் குரலில் இருந்தது.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். கோபம் போய்விட்டது. "அதுவும் ஒடம்புக்குள்ள போனா சர்க்கரைதாம்மா" என்றார்.

"கோதுமைம்மா. நல்லதுன்னாங்களே."

"நல்லதுதான். இவ்வளவு இல்ல."

"யாரும் சொல்லலியேம்மா" என்றாள் அம்மா. எங்களுக்குப் பின்னால் வாசல் வரைக்கும் கூட்டம் நின்றது. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஊன்றுகோலோடு நைனா வீட்டுக்கு வந்தபோது பவுண்டரி வேலை போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன அளவுக்கு அம்மாவே கரண்டியால் அளந்து போட்டாள். எங்களை ஸ்டவ் பக்கம் விடவில்லை. நாங்களும் போகவில்லை. அளந்து போட்டதை நைனா அப்படியே சாப்பிட்டார். தட்டைத் தள்ளிவிட அவருக்கு அப்போது தெம்பில்லை.

தம்பி அவர் பக்கத்திலேயே போகமாட்டான். வீட்டுக்குள் நுழைந்தால் சுவரை ஒட்டியே நடப்பான். "வாடா வாத்தியாரே, இப்டி வந்து ஒக்காரு" என்று நைனா கூப்பிடுவார். அவன் வெளியே ஓடிவிடுவான். கால் இல்லாததைப் பார்த்துப் பிள்ளை பயப்படுகிறான் என்று நைனா நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தம்பியின் காலடிச் சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். வேர்த்துக் கொட்டும் பகலில்கூட மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அது பயம் இல்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தம்பி என்னிடம் கேட்டான்: "அக்கா, நம்ம சப்பாத்திதான் நைனா கால துன்னுடுச்சா?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதை அவன் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தான். பிள்ளைகளுக்கு என்ன விளங்கப்போகிறது என்று எங்களை அங்கே நிற்க வைத்தார்கள். "இல்லடா" என்றேன். "பின்ன எது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவனைக் கூப்பிட்டு மடியில் இருத்தி, "அப்டிலாம் நெனைக்கக் கூடாதுடா கண்ணு" என்று மட்டும் சொன்னாள். பின்ன எது என்று அவளும் சொல்லவில்லை. அவளுக்கே அந்தக் கேள்வி இருந்திருக்கும். நைனாவிடம் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தன் காலைப் பார்த்து மகன் ஓடுகிறான் என்று நினைத்துக்கொண்டேதான் நைனா போய்ச் சேர்ந்தார். இன்னொரு காலும் கறுத்து, அடுத்த கோடைக்கு முன்னால்.

கருமாதி அன்று படையல் போட்டார்கள். அவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும் என்றார்கள். மாமா ஜிலேபி வாங்கிவந்து இலையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, தம்பி எழுந்துபோய் அந்த ஜிலேபியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். சாக்கடையில் எறிந்துவிட்டு வந்தான். "அது நைனாவுக்கு ஆவாது" என்றான். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் அதட்டினார்கள். ஒருவர் அடிக்கக் கையை ஓங்கினார். மாமாதான் குறுக்கே நின்றார். அம்மா எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எஸ்டேட்டில் பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனாள். காலையில் சோறு வடித்து வைத்துவிட்டுப் போவாள். நாளைக்கு என்ன செய்யலாம் என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அம்மாவும் போய் வெகுகாலமாகிவிட்டது.

தம்பி இப்போது திருநின்றவூரில் இருக்கிறான். அவனுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. நமக்கெல்லாம் வந்ததுபோலத்தான். ஆனால் அவன் மாத்திரையை மறந்துவிடுவான், டெஸ்டுக்குப் போக மாட்டான், கண்டதைச் சாப்பிடுவான். சொன்னால் சிரிப்பான். போன ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் பார்க்கப் போயிருந்தேன். அவன் காலில் ஒரு புண். "ஒண்ணும் இல்லக்கா, வலிக்கவே இல்ல" என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாடா என்று கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று கையை விடுவித்துக்கொண்டான்.

கிளம்பும்போது அவன் மனைவி கேட் வரைக்கும் வந்தாள். "அண்ணி, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. பாப்பாவ விட்டு சமைக்கச் சொல்லிப் பாக்கட்டுமா? அது கையால குடுத்தா சாப்பிடுவாரு. அது மேல அவருக்கு உயிரு" என்றாள். உள்ளே அந்தக் குழந்தை நாற்காலியில் ஏறி, அலமாரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தது. எட்டு வயது.

"வேணாம்மா. அவன் எப்படியோ போறான். கொழந்தைய விட்டுடு" என்றேன்.

அவள் என்னை வெறுப்போடு பார்த்தாள். கூடப் பிறந்தவளுக்கு இவ்வளவுதானா என்று நினைத்திருப்பாள். நான் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.